மருந்து தோற்றதா? லாபம் தோற்கடித்ததா?

மாத்திரை கேட்கவில்லை, ஊசி கேட்கவில்லை என்றால் குற்றம் யாருடையது? அரைகுறையாகத் தின்றுவிட்டு நிறுத்தும் படிக்காத ஜனங்களுடையதாம்! இப்படி ஒரு பிரசாரம் நடக்கிறது. மில் தொழிலாளியையும் விவசாயத் தொழிலாளியையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் பார்க்கிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். புண்ணிலோ நுரையீரலிலோ கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. பெனிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் அவற்றைக் கொல்கின்றன. ஆனால் ஏதோ சில கிருமிகளுக்கு மருந்தைத் தாங்கும் சக்தி இருந்துவிடுகிறது. மற்றவை செத்தபின் களம் அவற்றுக்கே சொந்தம். வசதி கிடைத்தால் சில வகைக் கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். தாங்கும் வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், அளவு குறைத்து மருந்து கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று 1945லேயே எச்சரித்தார். 2019ல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, அரை மருந்து தின்பவன் யார்? ஏன் தின்கிறான்? ஐந்து நாள் மாத்திரைக்குக் காசில்லை. இரண்டு நாளுக்கு வாங்குகிறான். படுத்தால் கூலி போய்விடும். ஜுரம் தணிந்ததும் வேலைக்கு ஓடுகிறான். டாக்டர் தூரத்தில், மருந்துக் கடை பக்கத்தில். இதற்குப் பெயர் அறியாமையா, வறுமையா? முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதை ஏட்டில் பதிய வேண்டும் என்று 2014ல் விதி வந்தது. விதி நல்லதுதான். ஆனால் சீட்டு எழுதும் டாக்டரைக் கிராமத்துக்கு அனுப்பாமல், விதியை மட்டும் அனுப்பினால் போதுமா?

நோயாளி தின்னும் மாத்திரையைப் பற்றி உபதேசிக்கிறவர்கள், நோயில்லாத கோழி தின்னும் மருந்தைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? கொலிஸ்டின் என்பது வேறெதுவும் கேட்காதபோது ஆஸ்பத்திரியில் எடுக்கும் கடைசி ஆயுதம். எடை கூட்டுவதற்காக அதையும் கோழித் தீவனத்தில் கலந்தார்கள். உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2019ல்தான் இந்திய சர்க்கார் தடை போட்டது. கலந்தவன் கூலிக்காரனா?

பழைய மருந்து கேட்காவிட்டால் புதியது வேண்டும். கம்பெனிகள் ஏன் தயங்குகின்றன? கணக்கு எளியது. நீரிழிவு மருந்தை நோயாளி ஆயுள் முழுவதும் வாங்குவான். ஆன்டிபயாடிக்கைப் பத்து நாள் வாங்குவான்; குணமாகிவிடுவான். புதிய மருந்தையோ டாக்டர்கள் ஆபத்துக் காலத்துக்கென்று பத்திரப்படுத்துவார்கள். குணமாகிற நோயாளியால் கம்பெனிக்கு என்ன லாபம்? அமெரிக்காவில் அக்கேயோஜென் என்ற கம்பெனி புதிய ஆன்டிபயாடிக் ஒன்றுக்கு 2018 ஜூனில் அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் திவாலானது. நோவார்ட்டிஸ் என்ற பெரும் கம்பெனி 2018ல் இந்த ஆராய்ச்சியையே கைகழுவியது.

வேறு வழி இல்லையா? உண்டு. கிருமிக்கும் ஓர் எமன் இருக்கிறது. அதன் பெயர் பேஜ். கிருமிக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அதை வெடிக்கச் செய்து வெளிவரும் வைரஸ் அது. ஆற்றிலும் சாக்கடையிலும் கிடைக்கும். 1917ல் பாரிஸில் டெரேல் இதை அறிவித்தார்; 1927ல் இந்தியாவுக்கு வந்து காலராவுக்குப் பரீட்சித்தார். ஜார்ஜியாவின் திபிலிஸி நகரில் ஜார்ஜ் எலியாவா 1923ல் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம் இன்றும் பேஜ் வைத்தியம் செய்கிறது. எலியாவா 1937ல் அநியாயமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய வேலை சாகவில்லை. 2016ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியால் சாகக் கிடந்த பேராசிரியர் பாட்டர்சனை பேஜ் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள்.

இது மந்திர மருந்தல்ல. ஒவ்வொரு பேஜும் குறிப்பிட்ட சில கிருமிகளையே கொல்லும். நோயாளியின் கிருமியைச் சோதித்துப் பொருத்தம் பார்க்க வேண்டும். பேஜை எதிர்க்கவும் கிருமி கற்றுக்கொள்ளும். பெரிய பரீட்சைகள் இன்னும் தேவை. இயற்கையில் கிடைக்கும் பொருளுக்குப் பேட்டண்ட் வாங்குவது கஷ்டம் என்பதால் முதலாளிகள் இதில் அவ்வளவாகப் பணம் போடமாட்டார்கள். பொதுப் பணம்தான் போட வேண்டும். இதைச் சாக்கிட்டு சர்வரோக நிவாரணி விற்க வருகிறவனையும் நம்பாதீர்கள்.

பொதுத்துறையால் முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்வோம்: பிம்ப்ரியில் 1954ல் பொதுத்துறைப் பெனிசிலின் தொழிற்சாலை எழுந்தது. 1961ல் உருவான ஐ.டி.பி.எல். நிறுவனம் சோவியத் உதவியுடன் ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக் ஆலையும், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவை சிகிச்சைக் கருவி ஆலையும் அமைத்தது. 2016 டிசம்பரில் மத்திய மந்திரிசபை ஐ.டி.பி.எல்.லை மூடவும், பிம்ப்ரியை விற்கவும் முடிவெடுத்தது. தேவை பெருகும் நேரத்தில் உலையை அணைப்பது எந்த நியாயம்?

தோழர்களே! டாக்டர் சொன்ன மருந்தைச் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். சளிக்கும் சாதாரண ஜுரத்துக்கும் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். வைரஸால் வரும் நோயை அது தொடாது. இது நம் கடமை. நோய்க்காலத்தில் சம்பளத்துடன் லீவு, கிராமத்தில் டாக்டர், சர்க்கார் ஆஸ்பத்திரியில் முழு நாளுக்கும் இலவச மருந்து, குடிக்கச் சுத்தமான தண்ணீர், பேஜ் ஆராய்ச்சிக்குப் பொது நிதி, மருந்து உற்பத்திக்குப் பொதுத்துறை ஆலை — இவை நம் உரிமை. கடமையைச் செய்வோம், உரிமையைச் சங்கத்திலும் கிராம சபையிலும் கேட்டு வாங்குவோம்!