மாத்திரையும் மதுவும்

வயிற்று வலிக்கும் மனக் கவலைக்கும் ஒரே மாத்திரை! கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது வயிறு புரட்டாதவன் யார்? டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போய்விடும். பழைய சீட்டைக் காட்டியோ, பக்கத்து வீட்டில் மிச்சமிருப்பதை வாங்கியோ விழுங்கிவிட்டு வேலைக்குப் போவதே ஏழைக்குக் கைகண்ட வழியாகிவிட்டது.

லிப்ராக்ஸ் முதலிய பெயர்களில் விற்கும் இந்த மாத்திரைகளில் இருப்பவை என்ன? ஒன்று, குளோர்டயஜிபாக்சைடு. ரோச் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்து, 1960-ல் சந்தைக்கு வந்த மனத்தை அமர்த்தும் மருந்து. மற்றொன்று, குடலின் இழுப்பைத் தணிக்கும் கிளிடினியம். சில மாத்திரைகளில் டைசைக்ளோமைனும் சேர்ந்திருக்கிறது. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பலன் தரும் மருந்துதான். ஆனால் எதனோடு சேர்கிறது என்பதில்தான் ஆபத்து.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது மெத்தனால் விஷம்; அது வேறு கதை. நாம் சொல்வது, கடையில் சட்டப்படி விற்கும் மதுவையும் சேர்த்துத்தான். மதுவும் குளோர்டயஜிபாக்சைடும் இரண்டுமே மூளையை அமுக்குபவை. சேர்ந்தால் மயக்கம் முற்றும், மூச்சு மெலியும், உயிரும் போகலாம். குடியால் கெட்ட ஈரலோ இந்த மருந்தைச் சீக்கிரம் கழித்துத் தள்ளாது. நேற்றைய மாத்திரையின் மீது இன்றைய மாத்திரை ஏறும். வேடிக்கை என்னவென்றால், குடியை விடுபவருக்கு வரும் நடுக்கத்தைத் தணிக்க ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் இதே குளோர்டயஜிபாக்சைடுதான். அங்கே கண்காணிப்பு உண்டு; வீட்டில் குப்பியும் மாத்திரையும் அக்கம்பக்கமாக இருக்கின்றன!

கோடீன் கலந்த இருமல் மருந்தும், டிராமடால் என்ற வலி மாத்திரையும் இவ்விதமே. இந்த வகை மருந்துகளைச் சேர்ப்பது பற்றி 2016-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட உத்தரவிட்டது. சளி மாத்திரைகள் பலவும் தூக்கத்தைக் கூட்டும்.

கிளிடினியத்தையும் லேசாக எண்ண வேண்டாம். அது வாயை உலர்த்தும், சிறுநீரைத் தடுக்கும், கண் அழுத்த நோயை மோசமாக்கும். ஊமத்தையின் விஷமும் இதே குணம் படைத்தது; கை வைத்தியமென்று அதையும் சேர்த்தால் வினை இரட்டிக்கும். வியர்வையையும் அது குறைக்கிறது. வடக்கனந்தல் பக்கம் சித்திரை வெயிலில் கரும்பு வெட்டுகிற தொழிலாளிக்கு வியர்வை நின்றால் உடல் சூடு எங்கே போகும்? நிழலில் உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதுவோர் இதைக் கேட்டு எழுத வேண்டாமா?

பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் சொல்படி சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 2014 மார்ச் முதல் குளோர்டயஜிபாக்சைடு எச்1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. வாங்குபவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டு காக்க வேண்டும். அட்டையிலே சிவப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையும் உண்டு, இங்கிலீஷில்! கரும்பு வெட்டுபவர் அதைப் படித்துத் தெளிவாராம்!

அந்த எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட வேண்டும். மருந்துக் கடைப் பதிவேடுகளை அதிகாரிகள் நேரில் வந்து சோதிக்க வேண்டும். மலையிலும் அடிவாரத்திலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை கொடுக்குமுன், "குடிப்பதுண்டா? வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று அதட்டாமல் கேட்க வேண்டும். இதைச் சர்க்கார் உடனே செய்ய வேண்டுமெனக் கோருகிறோம்.