இரவுக் கடமையும் ஏறும் வயதும்

அதிகாலையில் வைத்தியசாலைக்குச் செல்வோர், இரவுக் கடமை முடித்து வெளியே வரும் தாதியரைக் கண்டிருப்பார்கள். இளையவர் வீட்டிற்குச் சென்று உறங்குவார். ஐம்பதைக் கடந்த தாதியோ வீட்டிற்குச் சென்று அடுப்பை மூட்டுவார். பின்னர் படுத்தாலும் தூக்கம் வராது. அவர் களைத்திருந்தால், "வயது போய்விட்டது" என்கிறோம். வயது மட்டுமா காரணம்?

நமது உடலுக்குள் இரவையும் பகலையும் அறிந்த ஒரு கடிகாரம் இயங்குகிறது. நடுவயதுக்குப் பின் அதை மாற்றியமைப்பது கடினம். பகல் தூக்கம் குறைகிறது, களைப்பு சேர்கிறது. நீண்டகால முறைமாற்று வேலை நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றின் ஆபத்தையும் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007 இலும் மீண்டும் 2019 இலும் இரவு வேலையைப் புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியமுள்ளவற்றுள் சேர்த்தது.

பின்லாந்தில் 1980களில் உருவான 'வேலைத்திறன் சுட்டெண்' ஒருவரின் திறனை 7 முதல் 49 வரையான புள்ளிகளால் அளக்கிறது. உடல்நலத்தை மாத்திரமன்றி, வேலை கேட்பதை அவரால் கொடுக்க முடிகிறதா என்பதையும் அது வினவுகிறது. அதாவது, ஆள் மாறும்போது வேலையும் மாறவேண்டும். இரவு வேலை பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சர்வதேச தொழில் சமவாயமும், உடல்நலக் காரணத்தால் இரவு வேலைக்குத் தகுதியற்றவரை இயன்றவரை ஒத்த வேறு வேலைக்கு மாற்றவேண்டும் என்கிறது.

ஆனால் நமது தாதியர் பலர் இரவுக் கடமையைத் தாமே கேட்டுப் பெறுகின்றனர். மேலதிகக் கொடுப்பனவு இல்லாவிடில் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் என்னாவது? வருமானத்தைப் பறித்துக் கொடுக்கும் ஓய்வு சலுகையன்று, தண்டனையே. அந்தச் சுமையை இளையவர் தலையில் ஏற்றுவதும் நீதியாகாது. ஆளணியை நிரப்புவதும், அடிப்படைச் சம்பளத்தை உயர்த்துவதும் முதற்படிகள்.

அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் கடமை சுழன்றால் உடல் எளிதில் பழகும். இரு கடமைகளுக்கிடையே போதிய ஓய்வு வேண்டும். மூத்த தாதியரின் அனுபவத்தைப் பகல் கிளினிக்குகளிலும் புதியவர்களைப் பழக்குவதிலும் பயன்படுத்தலாம். சிற்றூழியர்களையும் மறத்தலாகாது.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் அமர்ந்திருக்கும் வாசகர்களே, கட்டிலும் மின்விசிறியும் கேட்கும் அடுத்த கூட்டத்தில், கடமைப் பட்டியலையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நள்ளிரவில் நமக்கு மருந்தேற்றும் கை நடுங்காதிருப்பது நமது தேவையுமாகும்.