ஐந்து பேர் தொடங்கிய சபை

பழைய சர்ச் ஒண்ணு கண்ல பட்டா என்ன பண்ணுவோம்? வாசல்ல நின்னு நாலு போட்டோ, உள்ளே எட்டிப் பார்த்து 'செம கூலா இருக்குல்ல!'னு ஒரு கமென்ட். அப்புறம் நேரா பீச்சுக்கு எஸ்கேப். தரங்கம்பாடிக்கு டூர் போற பலரும் இப்படித்தான்.

இந்த வாரம் அந்த ஊர் ராஜா வீதியில கொஞ்சம் நிதானமா நிப்போம். முகப்புல டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கோட முத்திரையும் 1718-னு வருஷமும் இருக்கிற புதிய எருசலேம் ஆலயம் அங்கேதான் இருக்கு. கட்டடத்தை விடுங்க, அதுக்குள்ள உட்கார்ந்த மனுஷங்க கதைதான் நமக்கு வேணும்.

1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டின ஊர் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9-ல் ரெண்டு ஜெர்மன்காரர்கள் அங்கே கப்பலில் வந்து சேர்ந்தாங்க. ஒருத்தர் சீகன்பால்கு, இன்னொருத்தர் புளுட்சாவ். சீகன்பால்குக்கு அப்போ இருபதுகளின் நடு வயசுதான். கிட்டத்தட்ட உங்க ஃபைனல் இயர் சீனியர் மாதிரி! திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோட உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித்தான் தமிழ் கத்துக்கிட்டார்.

சரி, சபையில முதல்ல சேர்ந்தது யாரு? பணக்கார வியாபாரியா, படிச்ச பண்டிதரா? ரெண்டும் இல்லைங்க. 1707 மே 12-ல் ஞானஸ்நானம் வாங்கின ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளா இருந்தவங்க. தங்களுக்குன்னு சொல்லிக்க ஒரு சட்டிகூட இல்லாதவங்க. மூணே மாசத்துல, ஆகஸ்ட் 14-ல், அந்தச் சின்னக் கூட்டத்துக்கு ஒரு கோயில் தயார். பேரு எருசலேம்.

இந்தப் புதுசு எல்லாருக்கும் பிடிச்சிடுமா? கோட்டையில இருந்த டேனிஷ் கமாண்டருக்கும் சீகன்பால்குக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு ஏழை விதவையின் கடன் விவகாரத்துல தலையிட்டது பெரிய தகராறா முத்திப் போச்சு. 1708 நவம்பரில் போதகரைத் தூக்கி அதே கோட்டைக்குள் அடைச்சாங்க. நாலு மாசம் ஜெயில்! அவர் வெளியே வந்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடிச்சே முடிச்சார். இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு முழுசா அச்சானது அதுதான் முதல் தடவை. இப்ப நாம பார்க்கிற பெரிய ஆலயம் 1718-ல் திறக்கப்பட்டது. அடுத்த வருஷமே அவர் இறந்துட்டார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செஞ்சாங்க.

இதுவரைக்கும் கதை சூப்பர். விழா மலர்கள் பலவும் இந்த இடத்தோட கைதட்டி முடிச்சிடும். ஆனா நீங்க இன்னும் ஒரு கேள்வி கேட்கணும்: அந்த ஆலயத்துக்குள்ள யார் எங்கே உட்கார்ந்தாங்க?

ஞானஸ்நானத் தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா ஆராதனைன்னு வந்தா 'மேல்' சாதிக்காரர்கள் தனியா, பறையர் சமூகத்தினர் தனியா. சாதிங்கிறது ஊர் வழக்கம், மெதுவா தானே கரைஞ்சிடும்னு மிஷனரிகள் பலர் நினைச்சாங்க. கரைஞ்சதா?

ராஜநாயக்கன்னு ஒருத்தர். தஞ்சாவூர் ராணுவத்துல சிப்பாய். தரங்கம்பாடியில அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படிச்சு, தானா தேடி வந்து சபையில சேர்ந்தவர். உபதேசியாராகி தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் ஊரா உழைச்சார். 1733-ல் கடலூர்க்காரரான ஆரோன் முதல் தமிழ் புராட்டஸ்டன்ட் குருவானார். 1741-ல் அடுத்த ஆளைத் தேடினப்ப ராஜநாயக்கன் பேரும் அடிபட்டுச்சு. ஆனா பதவி போனது தியோகு என்பவருக்கு. காரணம்? ராஜநாயக்கன் பறையர் சமூகம். அவர் கையால திருவிருந்து வாங்க மத்த சாதிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்களாம்!

யோசிச்சுப் பாருங்க. அடிமைகள் ஐந்து பேரோட ஆரம்பிச்ச சபை அது. 34 வருஷத்துல, ஒரு பறையர் கை அங்கே அப்பம் தர முடியாத கையாகிடுச்சு.

சண்டை அதோட ஓயலை. 1833-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வேறுபாடே கூடாதுன்னு உத்தரவு போட்டார். உடனே தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நிறைய பேர் கோயிலை விட்டே வெளிநடப்பு! சாமியை விட்டாலும் விடுவோம், உட்கார்ற இடத்தை விடமாட்டோம்னு பிடிவாதம்.

தரங்கம்பாடி 1845-ல் ஆங்கிலேயர் கைக்கு மாறுச்சு. டேனிஷ்காரர்கள் மூட்டை கட்டினாங்க, சபை அங்கேயே இருந்தது. 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாச்சு. அதுக்கு முதல் இந்திய பிஷப்பா ராஜா பி. மாணிக்கம் வந்தது 1956-ல். முதல் தமிழ்க் குருவுக்கும் முதல் தமிழ் பிஷப்புக்கும் நடுவே 223 வருஷம்! அடிமைகளும் சிப்பாயும் நம்பி உள்ளே வந்துட்டாங்க. நாற்காலிகள்தான் ரொம்ப லேட்டா நகர்ந்திருக்கு.

இப்போ உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க ஊர்லயும் ஒரு பழைய சர்ச் இருக்கும். நீங்க எந்த மதமா இருந்தாலும் பரவாயில்லை, ஐயர்கிட்ட மரியாதையா கேட்டுட்டு உள்ளே போங்க. சுவர்ல இருக்கிற பளிங்குக் கல்வெட்டுல யார் பேர் இருக்குன்னு பாருங்க. பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருந்தா முதல் பக்கத்துப் பேர்களையும் பாருங்க. ரெண்டும் ஒரே ஆளுங்களா? கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சுவர் ஏதாவது இருக்கா? வயசான ஒரு பாட்டிகிட்ட உட்கார்ந்து, 'நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப எந்தப் பக்கம் உட்காருவீங்க பாட்டி?'ன்னு கேளுங்க.

கல்வெட்டுல இல்லாத வரலாறு அந்தப் பதில்ல இருக்கும். பாட்டி இருக்கும்போதே எழுதி வெச்சுக்குங்க!