கிண்டி ரேஸும் எங்க முந்திரிக் கொல்லையும்

போன மாசம் சென்னையிலேர்ந்து நண்பர் ஒருத்தர் வந்திருந்தார். அவங்க அப்பா என்.எல்.சி.யில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்லதான். பழைய ஞாபகத்துல பஜார் பக்கம் போய் டீ குடிக்கலாம்னார். நான் அன்னைக்குக் காலையில பலாப்பழம் இறக்கியிருந்தேன். பாதியைக் கேட்ட விலைக்குத் தள்ளிட்டு, மீதியை என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னுக்கிட்டிருந்த நேரம். விலையைக் கேட்டதும் மனுஷன் நிஜமாவே வருத்தப்பட்டார். "என்னண்ணே இது, விவசாயங்கறதே ஒரு சூதாட்டம் மாதிரிதான் இருக்கு" அப்படின்னார்.

இந்த வார்த்தையை நான் நூறு தடவை கேட்டிருக்கேன். டி.வி. விவாதத்துல சொல்றாங்க, கல்யாண வீட்டுல சொல்றாங்க. ஏன், நாங்களே சொல்லிக்கறோம். அன்னைக்கும் தலையாட்டிட்டு விட்டிருப்பேன். ஆனா பக்கத்துல எங்க சித்தப்பா உக்காந்திருந்தார். டீ கிளாஸைக் கீழே வச்சிட்டு, "தம்பி, நான் ரெண்டும் ஆடினவன். ரெண்டும் வேற வேற" அப்படின்னார். அதுக்கு மேல ஒண்ணும் பேசலை.

அவர் பேசாம விட்டதைத்தான் இங்க எழுதறேன். அவர்கிட்ட கேட்டுக்கிட்டுதான் எழுதறேன். "பேரு மட்டும் போடாதே"ன்னார்.

சித்தப்பா சுரங்கத்துல வேலை பார்த்தவர். எண்பதுகள்ல, ரேஸ் இருக்கற வாரம் நைட் ஷிப்ட் முடிச்ச கையோட சென்னை பஸ் ஏறிடுவார். கிண்டியில இறங்கினா ரேஸ் கோர்ஸ். ராத்திரி பஸ்ஸுல திரும்பி வந்து, மறுநாள் மறுபடி ஷிப்ட். சித்திகிட்ட யூனியன் மீட்டிங்னு சொல்லுவார். எந்த யூனியனும் அத்தனை மீட்டிங் போட்டிருக்காது.

சென்னையில இருக்கறவங்க அந்தச் சுவரை ஒட்டி வண்டியில எத்தனையோ தடவை போயிருப்பீங்க. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து அங்க குதிரை ஓடியிருக்கு. மெட்ராஸ் ரேஸ் கிளப்னு முறைப்படி அமைஞ்சது 1896ல. 1945ல 160 ஏக்கர் 86 சென்ட் இடத்தை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தாங்க. வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய் 13 அணா. எங்க ஊர்ல ஒரே ஒரு பலா மரத்தைக் காய்ப்புக்குக் குத்தகை எடுக்கறதா இருந்தாலும் இதைவிடக் கூட ஆகும்.

1974ல கலைஞர் ஆட்சியில, குதிரைப் பந்தயமும் சூதாட்டம்தான்னு சட்டம் வந்தது. கிளப் கோர்ட்டுக்குப் போச்சு, வழக்கு நடந்துக்கிட்டே இருந்தது, குதிரையும் ஓடிக்கிட்டே இருந்தது. 1986ல எம்.ஜி.ஆர். ஆட்சியில கிளப்பையே அரசு எடுத்துக்கறதா இன்னொரு சட்டம். கடைசியில 1996 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, கிளப்புக்குச் சாதகமா. குதிரையோட வம்சம், பயிற்சி, ஜாக்கியோட கைத்திறன் இதையெல்லாம் எடை போட்டுப் பணம் கட்டறதால, இது அதிர்ஷ்டம் சம்பந்தப்பட்டது இல்லை, திறமை சம்பந்தப்பட்டதுன்னு சொல்லிட்டாங்க. பின்னாடி ஆன்லைன் ரம்மிக்காரங்க கோர்ட்டுல எடுத்துக் காட்டினதும் இந்தத் தீர்ப்பைத்தான்.

திறமைங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லை. சித்தப்பாவுக்கு அந்தத் திறமை இருந்தது. எந்தக் குதிரை ஈரத் தரையில ஓடும், எது 1200 மீட்டர்ல சுருண்டுடும், எது டெர்பி மாதிரி 2400 மீட்டர் தாங்கும், எல்லாம் அத்துப்படி. எம்.ஏ.எம். ராமசாமி செட்டியாரோட குதிரைகளை, சொந்தக் கொட்டாயில கட்டியிருக்கற மாடு மாதிரி பேரு சொல்லிச் சொல்லுவார். அப்புறம் ஏன் தோத்தார்?

இதுக்கு ரேஸ் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும். அங்க ரெண்டு விதமா பணம் கட்டலாம். ஒண்ணு புக்கிகிட்ட. "ரெண்டுக்கு ஒண்ணு"ன்னா, நூறு கட்டி ஜெயிச்சா இருநூறு லாபம். புக்கி தனக்கு நட்டம் வராத மாதிரி அந்தக் கணக்கை ஏத்தி இறக்கிக்கிட்டே இருப்பார். இன்னொண்ணு டோட். எல்லாரும் கட்டின பணத்தையும் ஒரே உண்டியல்ல போட்டு, முதல்ல கிளப்புக்கும் வரிக்கும் எடுத்துக்கிட்டு, மிச்சத்தை ஜெயிச்ச குதிரை மேல கட்டினவங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. ஆக, நூறு பேர் கொண்டுவந்த பணம் நூறு பேருக்கும் திரும்பிப் போகாது. ஒவ்வொரு ரேஸுலயும் உண்டியல் கொஞ்சம் கரையும். நீங்க ஆட்டம் போடறது குதிரையோட இல்லை, உங்களை மாதிரியே ராத்திரி முழுக்க ரேஸ் புத்தகம் படிச்சிட்டு வந்த இன்னொருத்தனோட. எல்லாரும் திறமைசாலின்னா, கரையற உண்டியலைத்தான் ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போட்டுக்கணும். இப்ப 2025 செப்டம்பர்லேர்ந்து கட்டற பணத்துக்கு 40 சதவீதம் ஜி.எஸ்.டி. வேற.

போதாததுக்கு, ஹேண்டிகேப்னு ஒரு ஏற்பாடு. நல்லா ஓடற குதிரை முதுகுல எடை கூட வைப்பாங்க, சுமாரான குதிரைக்குக் குறைப்பாங்க. எல்லாம் ஒண்ணா வந்து முடியணும்கறதுதான் நோக்கம். அதாவது, உங்க திறமையில கண்டுபிடிச்ச வித்தியாசத்தை அழிக்கறதுக்குன்னே ஒருத்தர் சம்பளம் வாங்கறார்.

உலகத்துலேயே பேர் போன நெடுந்தூரக் குதிரைப் பந்தயம் இங்கிலாந்துல லிவர்பூல் பக்கத்துல நடக்கற கிராண்ட் நேஷனல். அதுவும் ஹேண்டிகேப் ரேஸ்தான். கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர், நடுவுல 30 தடுப்பு தாண்டணும். 1839ல அதுல ஜெயிச்ச குதிரையோட பேரு என்ன தெரியுமா? லாட்டரி! நான் கதை விடலைங்க, நிஜமாவே அதான் பேரு. 1967ல நடந்தது இன்னும் வேடிக்கை. ஆள் இல்லாம ஓடின ஒரு குதிரை 23வது தடுப்புக்கிட்ட குறுக்கே பாய, முன்னாடி ஓடினதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு மோதி நின்னு போச்சு. எங்கேயோ கடைசியில தள்ளாடிக்கிட்டு வந்த ஃபாய்னவான்ங்கற குதிரை, சந்துல புகுந்து தாண்டிப் போய் ஜெயிச்சிடுச்சு. நூத்துக்கு ஒண்ணு விலை. அந்த வருஷம் எந்தத் திறமைசாலியும் தப்பிச்சிருக்க முடியாது.

பணம் கட்டறவங்க புத்தி எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. 1949ல கிரிஃபித்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜெயிக்கும்னு எல்லாரும் நம்பற குதிரை மேல ஜனங்க தேவையானதைவிடக் குறைவா கட்டறாங்க, ஜெயிக்கவே வாய்ப்பில்லாத குதிரை மேல தேவைக்கு மேல கட்டறாங்க. அப்புறம் வந்தவங்க இன்னொண்ணும் கண்டுபிடிச்சாங்க. அன்னைக்கு நாள்ல கடைசி ரேஸ் வரும்போது இந்தக் கிறுக்கு அதிகமாகுதாம். காலையிலேர்ந்து விட்டதை ஒரே அடியில புடிச்சிடணும்கற வெறி.

இதைப் படிச்சதும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சித்தப்பா அப்படியே இதைத்தான் செஞ்சார். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்து நிதானமா கட்டுவார், கடைசி ரேஸுல மட்டும் பெரிய விலை உள்ள குதிரையா பார்த்து இருக்கறதையெல்லாம் வைப்பார். கூட்டுறவு சொசைட்டி கடன் போச்சு, சித்தி வளையல் போச்சு. 1989ல கடனை அடைக்க அவர் பாகத்துல இருந்த ஒரு காணி முந்திரிக் கொல்லையை வித்தார். கிரயம் முடிச்சுட்டு வந்த அன்னைக்கு ராத்திரி எங்க தாத்தா சாப்பிடலை. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. அதுக்கப்புறம் சித்தப்பா கிண்டிப் பக்கம் போகவே இல்லை.

வித்த கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லைதான் எங்க அப்பா பாகம். 2011 டிசம்பர் 30, தானே புயல். பொழுது விடிஞ்சு வெளியே வந்து பார்த்தா, எங்க மரம் ஒண்ணுகூட நிக்கலை. நாப்பது வருஷத்து முந்திரி மரம் வேரோட படுத்துக் கெடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி சுத்துவட்டாரம் முழுக்க அதே கதைதான். எல்லாரும் ஒரே நேரத்துல விறகு விக்கப் போனா என்ன விலை கிடைக்கும்? அறுப்புக் கூலிக்குச் சரியாப் போச்சு. அப்பவும் ஒருத்தர் வந்து, "விவசாயம் சூதாட்டம்தான்"னு ஆறுதல் சொல்லிட்டுப் போனார்.

ஆனா தரை அங்கேயே இருந்துச்சு. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்னு வாங்கி வச்சோம். ரெண்டு வருஷம் நடுவுல மணிலா போட்டுச் சாப்பிட்டோம். மூணாவது வருஷம் கன்னு பூத்துச்சு. புயல்ல போனது மரம். கிண்டியில போனது நிலம், அது இன்னைக்கும் வேற ஒருத்தர் பேர்ல இருக்கு. தினமும் அந்த வரப்பைத் தாண்டித்தான் எங்க கொல்லைக்குப் போறேன்.

நண்பர்கிட்ட அன்னைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். சூதாட்டம்னு ஒரு வார்த்தை போட்டுட்டா, அதோட பேச்சு முடிஞ்சுடுது. குதிரை தோத்தா யாரைக் கேப்பீங்க? யாரையும் கேக்க முடியாது. ஆனா என் பலாப்பழம் விலை போகலைன்னா கேக்கறதுக்கு ஆள் இருக்கு. பழுத்தா நாலு நாள் தாங்காத பழத்தைப் பக்குவப்படுத்த ஏன் பக்கத்துல ஒரு இடம் இல்லை? அறுத்த நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிடுச்சுன்னு கொள்முதல் நிலைய வாசல்ல கொட்டி வச்சுக் காயவைக்கறாங்களே, அங்க ஏன் ஒரு கூரை இல்லை? பயிர்க் காப்பீட்டுப் பணம் ஏன் அடுத்த போகம் முடிஞ்சப்புறம் வருது? இதுல எதுவும் அதிர்ஷ்டம் இல்லைங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆபீஸ் இருக்கு, ஒரு நாற்காலி இருக்கு, அதுல ஒரு ஆள் உக்காந்திருக்கார். சூதாட்டம்னு சொன்னா அவருக்கு ரொம்ப வசதி.

மழையும் புயலும் எங்க கையில இல்லை, ஒத்துக்கறேன். அந்த மிச்சத்தை நாங்க தாங்கிக்குவோம், தலைமுறையா தாங்கறோம். தாங்க முடியாம போறது மத்ததுதான்.

இன்னொரு விஷயம். வாடகை பாக்கி 730 கோடிக்கு மேலன்னு சொல்லி, 2024 செப்டம்பர்ல கிண்டி ரேஸ் கோர்ஸ் குத்தகையை அரசு ரத்து பண்ணி சீல் வச்சது செய்தியில பார்த்திருப்பீங்க. அதுல வழக்கும் இருக்கு. ரேஸ் கோர்ஸுக்கு என்ன ஆனாலும் பந்தயம் போகலை. எங்க ஊர்ப் பையன்கள் போன்ல விட்ட பணத்துக்குக் கணக்கே கிடையாது. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டத்தையெல்லாம் தடை பண்ணிச் சட்டம் போட்டாச்சு, ஆனாலும் எனக்கு முழுசா நம்பிக்கை வரலை. சித்தப்பாவுக்காவது கிண்டி போக பஸ் பிடிக்கணும், வழியில மனசு மாற ஒரு நாலு மணி நேரம் இருந்தது.

நண்பர் கிளம்பிப் போனப்புறம் சித்தப்பாவை வண்டியில ஏத்திக்கிட்டு வந்தேன். மந்தாரக்குப்பம் தாண்டறப்ப, கிண்டியில இப்ப என்னடா இருக்குன்னு கேட்டார். ரேஸ் கோர்ஸ் இடத்துல மழைத்தண்ணி சேர குளம் வெட்டியிருக்காங்க, பூங்கா வரப்போகுதாம்னு சொன்னேன்.

கொஞ்ச தூரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டார், "தண்ணி நிக்குதாமா?"