கராஜுக்கு ஆரும் பிள்ளையை அனுப்புவீங்களோ?

முகநூலில அடிக்கடி ஒரு படம் வரும். பழைய ஒஸ்ரின் கார், பக்கத்தில மண்ணெண்ணெய்க் கான். கீழே 'தடையை வென்ற யாழ்ப்பாணத்து மூளை' என்ற மாதிரி ஒரு வரி. நானும் லைக் போட்டிருக்கிறன். அந்த லைக்கோடதான் எனக்கு இப்ப சண்டை.

1990இல் பொருளாதாரத் தடை தொடங்க, குடாநாட்டில் பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, அதால தாங்கின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். எரியாத மிச்சம் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், அதையும் கவனிக்கவேணும். இதைச் செய்தவர்கள் கராஜ்காரர்.

அவர்களின் வாரிசுகளை நாங்கள் எப்படி நடத்துறம்?

போன கிழமை எங்கட பக்கத்துக் கராஜில ஒரு அண்ணை, பழைய வில்லிஸ் ஜீப்புக்கு வேறொரு ஜீப்பின்ர ட்ரான்ஸ்பர் கேஸைப் பொருத்திக்கொண்டு நிண்டார். கியர்பொக்ஸில் இருந்து வாற விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்கிற பெட்டி அது. கழட்டிப் பூட்டினால் முடியிற வேலை இல்லை. முன் டிபரன்ஷல் எந்தப் பக்கம் தள்ளி இருக்கோ, பெட்டியின் முன்வாயும் அந்தப் பக்கம் வரவேணும். கியர்பொக்ஸோட சேர்க்க நடுவில ஒரு பிளேட் கடையவேணும். பெட்டி பின்னுக்குத் தள்ளினால் பின் ஷாஃப்டைக் குறைச்சு, முன் ஷாஃப்டை நீட்டி, பலன்ஸ் பார்க்கவேணும். கோணம் பிழைச்சால் ஜொயின்ற் கெதியாத் தேயும். அளவெல்லாம் ஒரு மட்டைத் துண்டில பேனையால எழுதியிருந்தார். வேலை முடிய அந்த மட்டை குப்பைக்குத்தான் போகும்.

ஸ்பனர் எடுத்துக் குடுத்துக்கொண்டு நிண்ட பொடியனைப் பார்த்து, வண்டிக்குச் சொந்தக்காரர் கேட்டார்: "என்ன தம்பி, படிப்பு ஏறேல்லையோ?"

தடைக்காலத்து மெக்கானிக் எங்களுக்கு மேதை. இண்டைக்குக் கராஜில நிக்கிற பொடியன் படிப்பு ஏறாதவன். இரண்டும் ஒரே தொழில்!

"யூடியூப்பில எல்லாம் இருக்கு" என்று சிலர் சொல்லுகினம். அங்க காட்டுறது பெரும்பாலும் கடையில ரெடியா வாங்கிப் பூட்டுற கிட். எங்கட ஆக்கள் செய்யிறது கையில கிடைச்ச சாமானை இன்னொண்டோட பொருத்திற வேலை. அது தமிழில எங்க எழுதிக் கிடக்கு? இன்னொண்டு: மண்ணெண்ணெயில் கார் ஓடினது அநியாயத்துக்குள்ள சனம் தப்பிப் பிழைச்ச கதை. அதைச் சாதனைப் பட்டியலில மட்டும் சேர்த்தால், அநியாயம் மறைஞ்சு போகும்.

ஆகவே, படத்தைப் பகிர முதல் ஒரு கராஜுக்குப் போங்கோ. அந்த மட்டையைப் படம் எடுங்கோ. ஏன் அந்த அளவு என்று கேட்டு, தமிழில எழுதி வையுங்கோ. அனுபவத்தைச் சோதிச்சு என்விகியூ சான்றிதழ் குடுக்கிற முறை நாட்டில இருக்கு. அந்தப் பொடியனுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் குடுங்கோ. கராஜ் முதலாளிமாரே, பழகுறான் என்று சொல்லிச் சம்பளத்தை விழுங்காதேங்கோ.

இதில ஒண்டும் செய்ய மாட்டம் என்றால், அந்தப் பழைய ஒஸ்ரினுக்குப் போட்ட லைக்கையும் எடுத்துவிடுவம்.