பச்சையாக இருக்கும் வறட்சி

வானொலியில் எங்களுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. 'டெட் ஏர்' என்போம். பாட்டு முடிந்திருக்கும், அடுத்தது ஓடாது, அறிவிப்பாளர் குரலும் வராது. மூன்று விநாடி மௌனத்துக்கே எங்களுக்கு வியர்த்துவிடும். ஏனென்றால் நேயர்கள் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள்.

வானத்துக்கும் அப்படி ஒரு மௌனம் உண்டு. தாய்லாந்துக்காரர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'ஃபோன் திங் சுவாங்'. மழை நடுவில் விட்டுவிட்டுப் போன இடைவெளி என்று சொல்லலாம். மழைக்காலத்துக்குள்ளேயே தொடர்ந்து 15 நாளுக்கு மேல், நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாவிட்டால் அந்நாட்டு வானிலைத் துறை இந்தப் பெயரால் குறிப்பிடுகிறது. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் இது கொஞ்சம் தலைகாட்டுவது வழக்கம்தான். சில ஆண்டுகளில் வந்த விருந்தாளி போகவே மாட்டேன் என்கிறார். நேயர் அலைவரிசையை மாற்றலாம். விவசாயி எந்த வானத்துக்கு மாறுவார்?

கோலாலம்பூரிலிருந்து சியாங் மாய்க்கு விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி என்றால் நம்மவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் போய்த் திரும்புகிறவர்கள் சில ஆண்டுகளில் இப்படிச் சொல்வதைக் கேட்கலாம்: "மழைக்காலம்னு பயமுறுத்தினாங்க, ஒரு நாள்கூட நனையல. மலையெல்லாம் பச்சைப் பசேல்னு இருந்துச்சு!"

பச்சை என்பது உண்மைதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மரங்களுக்கு வேர் ஆழம். காட்டுப் புல்லுக்கு இரண்டு தூறல் போதும். நெல்லுக்கு அப்படி இல்லை. நடவு வயலில் சேறு வேண்டும், சேற்றுக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டும். மார்ச் மாத வறட்சி பழுப்பு நிறத்தில் இருக்கும், பார்த்தவுடன் தெரியும். ஜூலை மாத வறட்சி பச்சை நிறத்தில் இருக்கும். புகைப்படத்தில் அழகாகவே விழும்.

நமக்கு இது எளிதில் பிடிபடாததற்குக் காரணம் உண்டு. கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. இன்று பெய்யாவிட்டால் நாளை மாலை பெய்யும். நமக்கு மழை என்றால் சாலை நெரிசல், காயாத துணி, தாமதமாக வரும் உணவு விநியோகம். சியாங் மாயில் ஆண்டு மழை இதில் பாதி அளவுதான். அதன் பெரும்பகுதியும் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையிலான ஐந்து மாதங்களில்தான் விழ வேண்டும். அந்த ஐந்து மாதத்தில் ஒரு மாதம் காணாமல் போனால், அதைத் திருப்பித் தர வேறு மாதம் கிடையாது.

வடக்குத் தாய்லாந்தின் அன்றாட உணவு, நாம் புலுட் என்று சொல்லும் ஒட்டும் அரிசி. நமக்கு அது மாம்பழத்தோடு வரும் பலகாரம். அவர்களுக்கு மூன்று வேளைச் சோறு. அங்கே பரவலாகப் பயிராகும் 'ஆர்டி 6' என்ற ரகம் 1977இல் வெளியிடப்பட்டது. அது காலண்டர் பார்த்துப் பூக்கும் நெல். பகல் பொழுது குறையத் தொடங்குவதை உணர்ந்து, அக்டோபர் வாக்கில் பூத்துவிடும். எப்போது நட்டாலும் பூக்கும் காலம் ஏறக்குறைய அதுதான்.

இதை ஒரு விவசாயியின் இடத்திலிருந்து பாருங்கள். ஜூனில் நாற்றங்காலில் விதைக்கிறார். ஒரு மாதத்தில் நாற்று தயார். வயலில் தண்ணீர் இல்லை. காத்திருக்கிறார். காத்திருக்கும்போது நாற்று முற்றுகிறது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். ஆகஸ்ட் கடைசியில் மழை வந்து நடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். வளர்வதற்குக் கிடைக்கும் நாள்கள் குறைந்துவிட்டன, ஆனால் பூக்கும் காலம் தள்ளிப்போகாது. பயிர் குட்டையாகவே நின்று கதிர் விடும். 'லேட்டா வந்தாலும் மழை வந்துடுச்சே' என்று நாம் ஆறுதல் சொல்லலாம். அவருடைய நெல் அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்ளாது. உழவுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனும் ஏற்றுக்கொள்ளாது.

மலைச்சரிவில் வாழும் கரேன், லாஹு, ஆக்கா மக்களில் பலருக்கு நாற்றங்கால்கூட இல்லை. குச்சியால் குழி போட்டு மலைநெல்லை நேராக விதைக்கிறார்கள். மழை தவறினால் அந்த விதை எறும்புக்கும் பறவைக்கும் போகும்.

நெல்லைத் தாண்டியும் இழப்பு உண்டு. முதல் மழைக்குப் பின், மே, ஜூனில், காட்டு மண்ணுக்குள்ளிருந்து 'ஹெட் தோப்' என்ற உருண்டைக் காளான் கிளம்பும். அதைத் தோண்டி விற்பது பல கிராமக் குடும்பங்களுக்குக் கைச்செலவுக்கான காசு. வயல் நண்டுகளை இடித்து, வடிகட்டி, கருப்பு விழுதாகக் காய்ச்சும் 'நாம் பூ' அவர்கள் சமையலின் உயிர். வயலில் தண்ணீர் நிற்காவிட்டால் நண்டு ஏது? விழுது ஏது?

தண்ணீர் குறையும்போது பகிர்வது எப்படி என்பதில் இவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 'முவாங் ஃபாய்' என்பது வடக்கின் பழைய பாசன முறை. ஓடையின் குறுக்கே மூங்கில், மரக்கழி, கல் கொண்டு சிறு அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஊரே சேர்ந்து பராமரிப்பார்கள். நிலத்தின் அளவுக்கேற்ப உழைப்பு, அதற்கேற்பத் தண்ணீர். பொறுப்பாளரை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1296இல் சியாங் மாயை நிறுவிய மங்ராய் மன்னரின் பெயரால் வழங்கும் சட்ட நூலிலேயே இந்த வாய்க்கால், அணை பற்றிய விதிகள் உள்ளன. நல்ல மழை ஆண்டில் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வராது. மழை தவறிய ஆண்டில்தான், தலைமடைக்காரர் தன் மடையை நேரத்துக்கு அடைக்கிறாரா, கடைமடைக்காரருக்கு முறை வருகிறதா என்பது தெரியும். வறட்சி வயலை மட்டும் பிளப்பதில்லை, சில நேரம் ஊரையும் பிளக்கிறது.

நம்பிக்கைகளும் உண்டு. மழை பொய்த்தால் ஒரு பெண் பூனையைக் கூடையில் வைத்து, வீடு வீடாக ஊர்வலம் கொண்டுபோய்த் தண்ணீர் தெளிப்பது தாய்லாந்தின் பல பகுதிகளில் பழைய வழக்கம். பூனை பாவம் என்று சொல்லி, இப்போது சில ஊர்களில் டோரேமோன் பொம்மையைத் தூக்கிச் செல்கிறார்கள். பேங்காக்கில் மே மாதம் நடக்கும் அரச ஏர்பூட்டு விழாவில், ஏர் பிடிப்பவர் மூன்று துணிகளில் ஒன்றைக் கண்ணால் பார்க்காமல் எடுப்பார். மிக நீளமான துணி வந்தால் மழை குறைவு. தண்ணீர் இல்லாத வயலில் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டியதில்லையே! இவ்விழாவில் பங்குபெறும் அரசவைப் பிராமணர்களின் மரபு தென்னிந்தியாவிலிருந்து வந்தது. திருவெம்பாவையை இன்றும் தங்கள் சடங்கில் ஓதுகிறவர்கள் அவர்கள். மழை வேண்டும் பாவை நோன்பு கடல் தாண்டியும் போயிருக்கிறது.

மழை ஏன் தவறுகிறது? பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்கிழக்காசியாவில் மழை குறையும் வாய்ப்பு அதிகம். 2015இல் அப்படித்தான். 2019இல் பருவமழை தாமதமானது. மேற்பகுதி அணைகளும் நீரைப் பிடித்து வைக்க, ஜூலையில் சியாங் ராயின் சியாங் சேனில் மேகோங் ஆற்றின் நீர்மட்டம் அந்தப் பருவத்தில் அதுவரை காணாத அளவுக்கு இறங்கியது. 2023இல் மீண்டும் எல் நினோ. அடுத்த ஆண்டே, 2024 செப்டம்பர், அக்டோபரில், சியாங் ராயும் சியாங் மாயும் வரலாறு காணாத வெள்ளத்தில் மிதந்தன. 'சராசரி மழை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த விவசாயியும் நாற்று நட முடியாது.

இதெல்லாம் நம் வீட்டுக்கு எப்படி வருகிறது? வடக்கின் பிங், வாங், யோம், நான் என்ற நான்கு ஆறுகள் சேர்ந்துதான் சாவ் பிரயா ஆகின்றன. பிங் ஆற்றில் பூமிபோல் அணை, நான் ஆற்றில் சிரிகிட் அணை. வடக்கில் மழை தவறினால் இவை நிரம்பாது. இவை நிரம்பாவிட்டால், ஏற்றுமதி அரிசி விளையும் மத்திய சமவெளிக்குத் தண்ணீர் போகாது. 2015இல் அந்தச் சமவெளி விவசாயிகளிடம், நடவைத் தள்ளிப்போடுங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது. 2023 ஜூலை 20இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதோடு எல் நினோ பயமும் சேர, உலகச் சந்தையில் விலை ஏறியது. செப்டம்பர் 1 முதல் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டானது. கடைகளில் உள்நாட்டு அரிசி காணாமல் போனது நினைவிருக்கும். அரிசி முழுவதையும் வெளியிலிருந்து வாங்கும் சிங்கப்பூருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே, அடுத்த முறை ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கம் போனால், தங்கும் விடுதியில் வைஃபை கடவுச்சொல்லோடு இன்னொன்றும் கேளுங்கள்: "உங்கள் ஊரில் நடவு முடிந்துவிட்டதா?" வடக்கில் நகர விடுதிகளில் வேலை செய்யும் பலருக்குக் கிராமத்தில் ஒரு வயலும், அதைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோரும் இருப்பார்கள். அவர்கள் தரும் பதில், உங்கள் கைப்பேசியில் உள்ள வானிலைச் செயலி சொல்வதைவிட நம்பகமான செய்தி.