மல்லாட்டைச் செடியும் மழலையர் வகுப்பும்

வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை. அதன் மஞ்சள் பூ நிலத்துக்கு மேலேதான் மலர்கிறது. பூ வாடியபின் அதன் அடியிலிருந்து விழுது போன்ற ஒரு மெல்லிய காம்பு புறப்பட்டு, கீழ்நோக்கி வளைந்து, மண்ணைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. அதன் நுனியே மண்ணின் இருளில் பருத்துக் காயாகிறது. சோளிங்கரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மல்லாட்டை பிடுங்கப் போகும் எந்தப் பாட்டிக்கும் இது தெரியும். ஆனால் அந்தப் பாட்டியின் பேரன் வேன் ஏறிப் பள்ளிக்குப் போய், செடியின் உறுப்புகள் வேர், தண்டு, இலை, பூ, கனி என்று மனப்பாடம் செய்து, அச்சடித்த படத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டி, முழு மதிப்பெண் பெற்று வீடு திரும்புகிறான். ஒரு செடியையும் அவன் பிடுங்கிப் பார்த்ததில்லை. வேர்க்கடலை என்ற பெயரே அவனை ஏமாற்றிவிட்டது என்பதும் அவனுக்குத் தெரியாது.

இதைக் கல்வி என்று நாம் ஒப்புக்கொண்டு, அதற்குக் கட்டணமும் செலுத்திக்கொண்டிருக்கிறோம். இந்த ஒப்புதலைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

கையால் தொட்டுக் கற்பது யாரோ நேற்றுக் கண்ட புதுமையன்று. பிள்ளைகளின் பாடச்சுமையைக் குறைக்க வேண்டும் என்று பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-இல் அறிக்கை தந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவியது. அங்கே பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள்; அவர்களுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை இறங்கி வந்தது. செயல், கண்டுபிடிப்பு, தேடல் ஆகியவற்றின் வழியே பிள்ளை கற்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. இவற்றில் குறைகள் இல்லாமலில்லை. எனினும் அரசுப் பள்ளியை ஏளனமாகப் பார்த்துவிட்டு நாம் தேடிச் சென்ற தனியார் மழலையர் பள்ளியில் என்ன கண்டோம்? மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சில். நான்கு வயதில் வீட்டுப்பாடம். ஐந்து வயதில் தேர்வு.

அப்பள்ளிகளில் பலவற்றின் பெயர்ப்பலகையில் 'மாண்டிசோரி' என்ற சொல் மின்னுகிறது. அந்தப் பெயருக்குரிய மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலியக் கத்தோலிக்கர். 1907-இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப்போர் மூண்டதால் நாடு திரும்ப இயலாத நிலையில், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பிள்ளைகளோடு பணியாற்றினார். செடியும் உயிரினமும் நீரும் நிலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒழுங்கைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்ற அவருடைய கல்விநெறி முதிர்ந்தது அந்தத் தமிழ்நாட்டு மலையில்தான். அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, முற்றம் முழுவதும் சிமெண்டு பூசி, மண் படாத பள்ளி என்று விளம்பரம் செய்கிறவர்களை என்னவென்று சொல்வது?

இனி, பெற்றோர் எழுப்பும் மறுப்புக்கு வருவோம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. "நாங்கள் மண்ணிலும் தோல் தொட்டியிலும் கை நனைத்தது போதாதா? எங்கள் பிள்ளையுமா மண் கிளற வேண்டும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இக்கேள்விக்குப் பின்னே ஒரு நெடிய காயம் இருக்கிறது. 1953-இல் இராஜாஜியின் அரசு அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. எதிர்த்தது நியாயம். தோல் தொழிலாளியின் மகனைத் தோலுக்கும் உழவனின் மகளை வயலுக்கும் திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய திட்டம் அது.

ஆனால் நாம் கேட்பது வேறு. தொழிற்சாலை உரிமையாளரின் பிள்ளையும் அதில் கூலி பெறுபவரின் பிள்ளையும் ஒரே பாத்தியின் ஓரத்தில் குந்தி, ஒரே பயற்றை ஊன்றி, அது முளைக்கும் நாளுக்காகச் சேர்ந்து காத்திருக்க வேண்டும் என்கிறோம். மண்ணைத் தொடுவது இன்னாருக்கு விதிக்கப்பட்டது என்ற எண்ணம் ஐந்து வயதிலேயே உடைவதற்கு இதைவிட நல்ல வழி வேறென்ன? பிள்ளையைக் கூலிக்குத் தயார் செய்யும் கைவேலையும், பிள்ளையைக் கேள்வி கேட்க வைக்கும் கைவேலையும் ஒன்றாகிவிடுமா?

அந்தக் கேள்வியைக் கண்டுதான் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள் என்று எண்ணுகிறேன்.

இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் மண் நிரப்பி, இரண்டிலும் தட்டைப்பயறு ஊன்றச் சொல்லுங்கள். ஒன்றுக்கு நல்ல தண்ணீர். மற்றதற்குச் சமையல் உப்பைத் தாராளமாகக் கரைத்த தண்ணீர். சில நாட்களில் முதல் சிரட்டையில் முளை மண்ணைப் பிளந்து தலை நிமிரும். இரண்டாவது வெறுமையாகவே கிடக்கும். உப்பு மிகுந்தால் விதைக்குள் நீர் புக முடியாது என்பதே காரணம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இதைச் செய்து பார்க்கும் பிள்ளை அத்தோடு நிற்காது. "எங்கள் தாத்தாவின் நிலத்திலும் இப்படித்தான் ஒன்றும் முளைப்பதில்லையா?" என்று கேட்கும்.

என்ன பதில் சொல்வோம்? பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடுகிறார்கள்; பதனிடும்போது அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறுகிறது; மற்ற அழுக்குகளைப் பிரிக்கும் முறைகளுக்கு உப்பு எளிதில் அடங்குவதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமற் போனதாக ஓர் ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக அது உறுதிப்படுத்தியது. 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டியின் சுவர் இடிந்து தொழிலாளர் பத்துப்பேர் மாண்டனர். 2025 சனவரியிலும் பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். ஆயினும் சோறு போடும் கையைப் பற்றிப் பிள்ளை கேள்வி கேட்கலாகாது என்று எந்த அறநூலும் விதிக்கவில்லை. அந்தக் கேள்வியைத் தவிர்க்கத்தான் நம் பள்ளிகள் இயற்கையை அலங்காரமாக்கிவிட்டன. பசுமை நாளன்று பிள்ளைகளுக்குப் பச்சை உடை, கையில் ஒரு மரக்கன்று, ஒரு நிழற்படம். மறுநாள் அந்தக் கன்று என்ன ஆயிற்று என்று கேட்பார் இல்லை. செய்முறைப் பாடம் என்ற பெயரில் தெர்மோகோல் தோட்டத்தைச் செய்பவர் தாய். அதைச் சுமந்து செல்பவன் மகன்.

நம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இதில் விலக்கில்லை. கெபியைச் சுற்றி அழகிய புல்வெளி வைத்திருக்கிறோம். அதன் ஓரத்தில் 'பூக்களைப் பறிக்காதீர்' என்ற பலகையும் வைத்திருக்கிறோம். படைப்பைப் பேணுவது குறித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலுக்குக் கருத்தரங்கு நடத்தினோம். அதற்கு நெகிழிப் பதாகை கட்டினோம். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது; 2025-இல் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பியது. வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும். அரசின் கட்டாயத்திலிருந்து விலக்குக் கேட்டவர்கள், அரசு கேட்டதைவிட ஒரு படி மேலே செய்துகாட்டக் கடமைப்பட்டவர்கள் அல்லரா? விதைப்பவன் உவமையை ஆண்டுதோறும் வாசித்துக் கேட்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒருமுறையேனும் விதைத்திருக்கிறார்கள்?

ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியவை சிலவே. ஒவ்வொரு மழலையர் வகுப்புக்கும் ஒரு பாத்தி வேண்டும். இடமில்லையென்றால் பத்துச் சிரட்டைகள் போதும். அதில் ஊன்றுவதும் நீர் வார்ப்பதும் அளப்பதும் பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். பட்டுப்போன செடியை, ஆய்வாளர் வருகிறார் என்று இரவோடிரவாக மாற்றிவைக்கும் வழக்கம் ஒழியட்டும். அது ஏன் பட்டது என்பதே அந்த வாரத்தின் பாடம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் அட்டையை வாங்குமுன், "இந்தப் பருவத்தில் என் பிள்ளை எதை விதைத்தது? அது முளைத்ததா?" என்று ஆசிரியரிடம் வினவுங்கள். பத்துப்பேர் தொடர்ந்து வினவினால், பதில் சொல்வதற்காகவேனும் பள்ளி ஒரு பிடி மண்ணைத் தேடும்.